பிஸ்கட்டுக்கு ஒரு சேணம்

நம் வீட்டுப் பிள்ளைகளின் சனி, ஞாயிறு எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்ப் பள்ளி, பரதம், நீச்சல், யாராவது ஒரு பிள்ளையின் பிறந்தநாள். எங்கள் வீட்டில் அந்த வரிசையில் இரண்டு வருடமாக ஒரு குதிரையும் சேர்ந்திருக்கிறது. இதைச் சொன்னதும் "ஓஹோ, குதிரையெல்லாம் வச்சிருக்கீங்களா!" என்று கேட்பவர்களுக்காக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குதிரை எங்களுடையது இல்லை. இங்கிலாந்தில் ரெடிங் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை லாயத்தில் இருக்கும் பிஸ்கட், வேறு ஒரு பெண்மணிக்குச் சொந்தம். அவருடைய மகள் வளர்ந்து பல்கலைக்கழகம் போய்விட்டாள். வாரத்தில் மூன்று நாள் என் மகள் போய் சாணி அள்ளி, தீனி வைத்து, தேய்த்துவிட்டு, சவாரி செய்வாள். மாதச் செலவில் ஒரு பங்கு நாங்கள் தருவோம். 'பார்ட் லோன்' என்பார்கள். சொந்தக் குதிரை வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இங்கே குதிரை கிடைப்பது இப்படித்தான்.

பிஸ்கட் ஒரு வெல்ஷ் போனி. அதிலும் 'செக்‌ஷன் சி' என்ற வகை. உயரம் 13.2 கை. குதிரையைக் 'கை' கணக்கில்தான் அளப்பார்கள். ஒரு கை என்பது 4 அங்குலம், புள்ளிக்குப் பின்னால் வருவது மிச்ச அங்குலம். ஆக 54 அங்குலம், கிட்டத்தட்ட 137 சென்டிமீட்டர். என் பதினொரு வயது மகளுக்கு அளவான உயரம். குட்டைக் கால், தடித்த கழுத்து, எங்கள் ஊர்ப் பழைய வீட்டுத் திண்ணை மாதிரி அகலமான முதுகு. வயது 14. 'அது' என்று சொன்னால் மகளுக்குக் கோபம் வரும் என்பதால் 'அவன்' என்றே எழுதுகிறேன்.

போன வருடம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் பிஸ்கட் மாற ஆரம்பித்தான். வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது தலையைத் திருப்பிக் காற்றைக் கடிப்பான். சேணத்தைத் தூக்கிக்கொண்டு போனாலே காதைப் பின்னுக்கு மடிப்பான். நடை பரவாயில்லை, ட்ராட் என்கிற துள்ளு ஓட்டத்தில் வாலைச் சுழற்றுவான், அதற்கு மேல் கேண்டர் ஓடச் சொன்னால் இரண்டு அடி ஓடி நின்றுவிடுவான். ஏப்ரலில் ஒரு நாள் பின்னங்காலை உதறித் துள்ளியதில் மகள் மணலில் விழுந்தாள். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. தொப்பிக்குள் மணல், தோளில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அடுத்த முறை ஏறும்போது அவள் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

லாயத்தில் எல்லோரிடமும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. "போனின்னா அப்படித்தான், சேட்டை." "வசந்தகாலப் புல் தலைக்கேறிடுச்சு." "உங்க பொண்ணு ரொம்ப மென்மையா இருக்கா, அவளை ஏமாத்துறான்." பயிற்சி கொடுப்பவர் ஒருபடி மேலே போய், சவுக்கால் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும் என்றார். குதிரையின் உரிமையாளர் போனில் தயங்கித் தயங்கி, "பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லைன்னா லோனை நிறுத்திடலாம். இவனையும் வித்துடலாமான்னு யோசிக்கிறேன்" என்றார். திருப்பூரில் இருந்து என் அம்மா வீடியோவில், "குதிரை கீழே தள்ளினதும் அல்லாம குழியும் பறிச்சுதாம். உனக்கு இதெல்லாம் தேவையா கண்ணு? பேசாம பாட்டு கிளாஸ்ல போடு" என்றார்.

மகள் மட்டும் ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவன் நாட்டியா இருக்கலைம்மா. எங்கேயோ வலிக்குது அவனுக்கு."

பதினான்கு வயதுப் போனியை, 'கீழே தள்ளுவான்' என்ற பெயரோடு யார் வாங்குவார்கள்? வாங்கினாலும் எப்படி வைத்துக்கொள்வார்கள்? குதிரை உலகத்தில் கெட்ட பெயர் எடுத்த போனி ஒவ்வொரு கையாக மாறிக் கீழே கீழே போகும் என்பதை அந்த லாயத்திலேயே கேட்டிருக்கிறேன். அதனால்தான் அவசரம்.

இந்த மாதிரி சமயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வழி, உட்கார்ந்து படிப்பது. சூ டைசன் என்ற குதிரை மருத்துவர் இருக்கிறார். நியூமார்க்கெட்டில் முன்பு இருந்த அனிமல் ஹெல்த் டிரஸ்டில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளை அவரும் அவர் குழுவும் பட்டியல் போட்டு 2018இல் வெளியிட்டார்கள். காது நீண்ட நேரம் பின்னால் மடிந்திருப்பது, வெறித்த பார்வை, வாயைத் திறந்து திறந்து மூடுவது, வால் சுழற்றல், சொல்லாமலே நடையை மாற்றுவது, முன்னே போகத் தயங்குவது, துள்ளுவது என்று போகிறது அந்தப் பட்டியல். இதில் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் தசையிலோ எலும்பிலோ மூட்டிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் கண்டது. என் போனில் இருந்த சவாரி வீடியோவை மெதுவாக ஓடவிட்டு நானும் மகளும் எண்ணினோம். நாங்கள் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. ஆனாலும் எண்ணிக்கை ஒன்பதில் நின்றது. உரிமையாளருக்கு அந்த வீடியோவையும் பட்டியலையும் அனுப்பி, "விற்பதற்கு முன்னாடி ஒரு தடவை டாக்டரைக் கூப்பிடலாமா, செலவில் பாதி நாங்க தர்றோம்" என்று கேட்டேன். சரி என்றார்.

கால்நடை மருத்துவர் வந்து காலை மடக்கிப் பார்த்தார், நேர்கோட்டில் ஓடவிட்டுப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். வயிற்றுப் பட்டையைக் கண்டு கோபப்படும் குதிரைக்கு வயிற்றுப் புண்கூட இருக்கலாமாம், அதையும் விசாரித்தார். நொண்டல் இல்லை. கடைசியில் முதுகை இரண்டு கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். இடது தோளுக்குப் பின்னால் வந்ததும் பிஸ்கட் முதுகைப் பாம்பு மாதிரி நெளித்து அமுக்கினான். "சேணத்தைப் பார்க்கும்வரை யாரும் ஏற வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் லாயத்துச் சுவரில் சாய்ந்து அழுதாள். வருத்தத்தில் என்று நினைக்கிறீர்களா? இல்லை. "நான் சொன்னேன்ல" என்றாள்.

எனக்கு என் அப்புச்சியின் நினைவு வந்தது. காங்கேயம் பக்கம் அவருக்குக் கொஞ்சம் தோட்டமும் ஒரு ஜோடி காளையும் இருந்தன. சாயங்காலம் வண்டியை அவிழ்த்ததும், தண்ணி காட்டுவதற்கு முன்பே, நுகத்தடி உட்கார்ந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பார். சூடு தெரிந்தாலோ, தோல் தடித்திருந்தாலோ மறுநாள் அந்த மாட்டைப் பூட்ட மாட்டார். வேப்பெண்ணெய் தடவிக் கட்டிப் போட்டுவிடுவார். "வாயில்லா சீவன். நாமதான் கேட்டுக்கோணும்" என்பார். எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. இங்கே வந்து, கம்ப்யூட்டர் சயின்ஸில் எம்.எஸ்ஸி. முடித்து, பதினைந்து வருடம் கழித்து ஒரு வெல்ஷ் போனியின் தோளில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பேன் என்று யார் கண்டது.

சேணம் என்றால் வெறும் தோல் இருக்கை இல்லை. உள்ளே ஓர் எலும்புக்கூடு இருக்கிறது. அதற்குப் பெயரே 'ட்ரீ', மரம். பழைய காலத்தில் முழுக்க மரத்தில் செய்தார்கள். இப்போது ஒட்டுப்பலகை, எஃகு, சிலவற்றில் பிளாஸ்டிக். முன்பக்கம் அது தலைகீழ் 'வி' மாதிரி குதிரையின் தோள்மேட்டுக்கு மேல் கவிந்து நிற்கும். அடியில் இரண்டு மெத்தைகள். பெரும்பாலும் உள்ளே கம்பளி அடைத்திருப்பார்கள். இரண்டு மெத்தைக்கும் நடுவே முதுகெலும்பில் எதுவும் படாதபடி ஒரு வாய்க்கால். சவாரி செய்பவரின் எடை அந்த இரண்டு மெத்தையிலும் சமமாகப் பரவவேண்டும். அந்த 'வி' குறுகலாக இருந்தால் தோளுக்குப் பின்னால் இடுக்கிபோலக் கவ்வும். அகலமாகிவிட்டால் முன்பக்கம் இறங்கித் தோள்மேட்டின் எலும்பில் இடிக்கும். குதிரை காலை முன்னால் வீசும்போது அதன் தோள்பட்டை எலும்பின் மேல்பகுதி பின்னால் நகர்கிறது. நிற்கும்போது பொருந்தும் சேணம் ஓடும்போது இடிப்பது அதனால்தான். இத்தனை வருடம் தோள் எலும்பு அசையாத ஒன்று என்றே நினைத்திருந்தேன். மகள் வீட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நான்கு காலில் நடந்து காட்டினாள், புரிந்துவிட்டது.

சேணம் பொருத்துவது இங்கே ஒரு தனித் தொழில். 'சொசைட்டி ஆஃப் மாஸ்டர் சாட்லர்ஸ்' என்று 1966இல் தொடங்கிய சங்கம் ஒன்று பயிற்சியும் தேர்வும் நடத்தித் தகுதிச் சான்று தருகிறது. அந்தப் பட்டியலில் தேடித்தான் எங்கள் பக்கத்து ஊர்ப் பெண்மணியைப் பிடித்தோம். அறுபதை நெருங்கும் வயது. வால்சால் ஊரில் பட்டறையில் தொழில் கற்றவர். பர்மிங்காமுக்கு வடக்கே இருக்கும் அந்த ஊர் சேணத்துக்கே பேர்போனது. ஊர்க் கால்பந்து அணிக்கே 'சாட்லர்ஸ்' என்றுதான் செல்லப் பெயர். வந்து பார்ப்பதற்கு 75 பவுண்டு.

வந்தவர் சேணத்தைத் தொடவே இல்லை. முதலில் பிஸ்கட்டை வெறும் முதுகோடு நிறுத்திப் பார்த்தார். பின்னால் ஒரு பெட்டியைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, இரண்டு தோளையும் மேலிருந்து பார்த்தார். "இங்கே வா, பார்" என்று மகளையும் ஏற்றினார். இடது தோள் வலதைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிது. நம்மில் பலருக்கு ஒரு பாதம் பெரிதாக இருப்பதுபோல் இதுவும் சகஜமாம். பொருத்தும்போது பெரிய தோளுக்கு இடம் விட்டு, சின்னதற்குக் கொஞ்சம் அடைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வளைத்தால் அப்படியே நிற்கும் ரப்பர் அளவுகோல் ஒன்றை எடுத்து, தோள் எலும்புக்குக் கொஞ்சம் பின்னால் முதுகின் மேல் வைத்து அழுத்தி, அந்த வளைவை ஒரு அட்டையில் பென்சிலால் வரைந்தார். தோள்மேட்டில் ஒன்று, சேணத்தின் நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று, முதுகு நீளத்துக்கு ஒன்று.

உரிமையாளரிடம் இரண்டு வருடத்துக்கு முந்தைய அட்டை ஒன்று இருந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். பழைய கோடு ஒடுக்கமான கூரை மாதிரி, புதியது நன்றாக விரிந்து இருந்தது. அந்த இரண்டு வருடத்தில் பிஸ்கட் வாரம் ஐந்து நாள் வேலை செய்து, மேடு ஏறி இறங்கி, தோளில் சதை போட்டிருக்கிறான். நல்ல விஷயம்தான். சேணம்தான் அப்படியே இருக்கிறது. எனக்கு உடனே 'அளவு ப்ளவுஸ்' ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்குத் தைத்த ப்ளவுஸை அளவுக்குக் கொடுத்தனுப்பி, பிரசவத்துக்குப் பிறகு ஊரிலிருந்து தைத்து வந்த ஆறு ப்ளவுஸையும் அப்படியே பெட்டியில் வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! டெய்லரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கொடுத்த அளவுக்குச் சரியாகத்தான் தைத்தார்.

பழைய சேணத்தை முதுகில் துணியில்லாமல் வைத்து, மகளின் விரல்களை முன்பக்க மெத்தைக்கு அடியில் நுழைக்கச் சொன்னார். "அங்கேயே வச்சிரு" என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டை ஒரு அடி முன்னால் நடத்தினார். மகள் "ஆ!" என்று கையை உருவினாள். விரலில் வரி விழுந்திருந்தது. "நீ அதன்மேல் உட்கார்ந்தபோது அவனுக்கு இன்னும் அதிகம்" என்றார், குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல். மெத்தையைத் திருப்பித் தட்டிக் காட்டினார். கம்பளி காலப்போக்கில் அமுங்கிக் கட்டிகட்டியாகிவிட்டது. இடது தோளுக்குப் பின்னால் பழுப்பு ரோமத்துக்கு நடுவே நாலைந்து வெள்ளை முடி. நீண்ட நாள் அழுத்தம் இருந்தால் அந்த இடத்தில் முடி வெளுத்து முளைக்குமாம்.

லாயத்தில் ஒருவர் எங்களுக்கு ஜெல் மெத்தை ஒன்றைக் கடன் கொடுத்திருந்தார், சேணத்துக்கு அடியில் போட. "இறுக்கமான ஷூவுக்குள்ளே தடிமனான சாக்ஸ் போட்டா சரியாகுமா?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மா. ஆகஸ்ட் கடைசியில் பள்ளி ஷூ வாங்க வரிசையில் நின்ற எந்தப் பெற்றோருக்கும் அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இந்தச் சேணத்தை அகலப்படுத்த முடியுமா என்று கேட்டோம். சிலவற்றை முடியும், இதை முடியாது. ஆக, புதுச் சேணம்.

உரிமையாளருக்கு அது எளிதான செய்தி இல்லை. அவருடைய மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு வாங்கிய சேணம் அது. பின்பக்கத்தில் பித்தளைத் தகட்டில் அந்தப் பெண்ணின் பெயர்கூட இருந்தது. எழுத்தில் வந்த அறிக்கையும் இரண்டு அட்டைகளும் இல்லாவிட்டால் நாங்கள் எவ்வளவு சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்குமா, தெரியாது. சேணத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். விற்கும் பேச்சு அன்றோடு நின்றது. ஆனால் புதிதை வாங்கும் நிலையில் தான் இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

அதனால் சேணம் எங்கள் செலவு என்று முடிவாயிற்று. லோன் முடிந்தால் சேணம் எங்களுடையது, நாங்கள் விற்றுக்கொள்ளலாம் என்று அரைப் பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். உங்கள் பிள்ளையும் லோன் குதிரையில் சவாரி செய்தால் இந்த அரைப் பக்கத்தை முதல் மாதமே எழுதிவிடுங்கள். நட்பாக இருக்கும்போது எழுதுவது சுலபம்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா வேன் நிறையச் சேணங்களோடு வந்தார். அட்டையைப் பார்த்துத் தேர்ந்து எடுத்து வந்தவை. ஐந்தைப் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரே முறை. துணியில்லாமல் வெறும் முதுகில் வைப்பது. தோள்மேட்டில் முன்னால் வைத்துப் பின்னால் தள்ளி, தானாக நிற்கும் இடத்தில் விடுவது. தூர நின்று பக்கவாட்டில் பார்ப்பது. அடியில் கையை ஓட்டுவது. சரியென்று பட்டால்தான் பட்டை கட்டி மகளை ஏற்றுவது. நடை, ட்ராட், கேண்டர், இரண்டு பக்கமும் வட்டம். ஒவ்வொரு முறையும் அதே பட்டை, அதே மெல்லிய துணி, அதே மணல் களம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுகிறார். என் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டிருக்கிறது. அந்த அம்மாவை ஒரு நாள் கூட்டிப்போகலாமா என்று இருந்தது.

முதலாவது அகலம் சரி, ஆனால் அடிப்பக்கம் வாழைப்பழம் மாதிரி வளைவு. பிஸ்கட்டின் முதுகோ தட்டை. முன்னும் பின்னும் ஆடியது. மகளை ஏற்றவே இல்லை. இரண்டாவது நீளம். குதிரைக்குப் பொதுவாக 18 ஜோடி விலா. சேணம் கடைசி விலாவைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது, அதற்குப் பின்னால் எடை தாங்க எலும்புக் கூடு இல்லை. விலாவைத் தடவித் தடவிக் கண்டுபிடித்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். சேணம் கோட்டைத் தாண்டி மூன்று விரல் நின்றது. குட்டை முதுகுப் போனிகளோடு இதுதான் பெரிய தொல்லை. பிள்ளை வளர்கிறாள், இருக்கை நீளம் வேண்டும். போனியின் முதுகு வளராது.

மூன்றாவதுதான் வில்லங்கம். கருஞ்சிவப்பு கலந்த பழுப்புத் தோல், புத்தம் புதிது, வெண்ணெய் மாதிரி மிருது. தொடைக்கு முன்னால் பெரிய தடுப்பு மெத்தைகள். காலை அப்படியே பிடித்துக்கொள்ளும். விலை 1,650 பவுண்டு. மகள் ஏறி உட்கார்ந்ததும் அவள் முகம் மாறியது. விழுந்த நாளுக்குப் பிறகு முதல் முறையாக முதுகு நிமிர்ந்து, குதிகால் இறங்கி, பார்ப்பதற்கே அழகாக உட்கார்ந்தாள். "அம்மா, இதுல நான் விழவே மாட்டேன்." நடை நன்றாக இருந்தது. ட்ராட்டும் பரவாயில்லை. நான் மனதுக்குள் எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். கேண்டர் கேட்டாள். பிஸ்கட் காதை மடித்தான், வால் சுழன்றது, நாலு அடியில் ட்ராட்டுக்கு இறங்கிவிட்டான். மறுபக்கமும் அதே. சேணத்தின் பின்பகுதி ஒவ்வொரு அடிக்கும் எழும்பி எழும்பி விழுவது எனக்கே தெரிந்தது.

"பிள்ளைக்கு இது அருமையாகப் பொருந்துகிறது" என்றார் அந்த அம்மா. அதற்கு மேல் சொல்லவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் இறங்கவில்லை. "இன்னொரு தடவை?" என்று கேட்டு இன்னொரு வட்டம் போனாள். திரும்பி வந்து, கழுத்தைத் தட்டிக்கொடுத்து, "சாரிடா" என்று காதில் சொல்லிவிட்டு இறங்கினாள்.

நான்காவது கருப்பு நிறம், செயற்கைப் பொருள், யாரோ பயன்படுத்தியது. ஓரத்தில் சிராய்ப்பு. முன்பக்கத்து 'வி' வடிவ எஃகுத் தகட்டைத் திருகாணி கழற்றி வேறு அகலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வின்டெக், தோரோகுட் போன்ற கம்பெனிகள் இப்படி மாற்றக்கூடிய வகையில் செய்கின்றன. உடம்பு மாறிக்கொண்டே இருக்கும் போனிக்கு இது பெரிய வசதி. விலை 380. மகள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். பிஸ்கட் நாலு அடி நடந்து, கழுத்தை நீட்டித் தாழ்த்தி, மூக்கால் 'ப்ர்ர்ர்' என்று நீளமாகக் காற்றை விட்டான். ட்ராட்டில் முன்னங்கால் வீச்சு கூடியது. வேலிக் கம்பத்திலிருந்து கம்பத்துக்கு முன்பைவிடக் குறைவான அடிகள், எண்ணினேன். கேண்டரில் களத்தை முழுசாக ஒரு சுற்று. கேட்காமலே இரண்டாவது சுற்று. மகள் சிரிப்பது களத்தின் மறுகோடியிலிருந்து கேட்டது.

ஐந்தாவதையும் போட்டுப் பார்த்தோம், முறைக்காக. தட்டையான தோள்மேடு என்பதால் அது வலது பக்கம் சரிந்தது.

அன்றே முடிவு சொல்ல வேண்டாம் என்று நாலாவதை மூன்று வாரம் சோதனைக்கு விட்டுப் போனார். காரில் வரும்போது மகள் பேசவே இல்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், "அந்த ப்ரௌன் எனக்கு நல்லா இருந்துச்சு. அவனுக்கு இல்லை" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா எனக்கு அதுல பயமே இல்லைம்மா. இதுல இருக்கு" என்றாள். இதற்கு நான் என்ன சொல்வது? பயிற்சியாளரை மாற்றினோம். ஒரு மாதம் கேண்டர் இல்லை. கயிற்றில் பிடித்து வட்டமாக நடத்தும் பாடம்தான். சேணத்துத் தடுப்பு பிடிக்காமலே உட்காரும் வித்தையைப் புதியவர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். ஒரு சின்ன பிடிவார், முன்னால் கட்டிக்கொள்ள, 12 பவுண்டு. ஜூலை வரை அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரு நாள் அதைக் கழற்றிப் பையில் போட்டிருந்தாள். நானும் கேட்கவில்லை.

பிஸ்கட்டும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. மருத்துவர் சொல்லி ஒரு பிசியோதெரபிஸ்ட் மூன்று முறை வந்து தசையை நீவிவிட்டார். சேணத்தைக் கண்டு காதை மடிப்பது ஒரு மாதத்தில் நின்றது. ஆனால் வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது திரும்பிக் காற்றைக் கடிக்கும் வழக்கம் ஆகஸ்ட் வரை இருந்தது. இப்போதும் குளிர் நாளில் சில நேரம் செய்வான். மகள் பட்டையை ஒரே இழுப்பில் இறுக்காமல், ஒரு துளை, கொஞ்சம் நடத்துவது, இன்னொரு துளை என்று மூன்று தவணையில் இறுக்குகிறாள். அங்கவடியில் கால் வைத்துத் தரையிலிருந்து ஏறினால் சேணம் ஒரு பக்கம் முறுக்கும் என்பதால் படிமேடையிலிருந்துதான் ஏறுகிறாள். லாயத்தில் இப்போது இரண்டு பேர் தங்கள் குதிரைக்கு அட்டை வரையச் சொல்லி அந்த அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சவுக்கால் தட்டச் சொன்னவர் அதில் இல்லை.

செப்டம்பரில் மறுபரிசோதனைக்கு வந்தார். கோடை முழுக்க வேலை செய்ததில் தோள் இன்னும் ஒரு அளவு விரிந்திருந்தது. பத்து நிமிடத்தில் தகட்டை மாற்றினார். 45 பவுண்டு. புது வளைவை அட்டையில் வரைந்து தேதி போட்டார். மகள் அந்த அட்டைகளை எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறாள், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் உயரத்தைப் பென்சிலால் குறித்து வரும் இடத்துக்குப் பக்கத்தில்.

அம்மா போன மாதம் வந்திருந்தார். ஒரு ஞாயிறு லாயத்துக்குக் கூட்டிப் போனோம். சேற்றில் செருப்போடு நிற்க முடியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர், சவாரி முடிந்து சேணத்தை எடுத்ததும், யாரும் சொல்லாமலே கிட்டே போய் பிஸ்கட்டின் தோளுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்தார். "சூடு இல்லை" என்று மகளிடம் சொன்னார். "ஆமா அம்மாயி, ஈரமும் ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கு, பாருங்க" என்று அவள் வியர்வைத் தடத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த பரிசோதனை மார்ச்சில். அதற்குள் மகளுக்குக் கால் நீண்டுவிடும் போலிருக்கிறது. 16 அங்குல இருக்கை இன்னும் ஒரு வருடம் தாங்கலாம் என்கிறார் அந்த அம்மா. அதற்கு மேல் நீளமான சேணம் அந்தக் குட்டை முதுகில் நிற்காது என்று மகளுக்கும் தெரியும். அப்போது அவனுக்கு எந்தப் பிள்ளை வருவாள் என்று உரிமையாளரிடம் இப்போதே விசாரிக்க ஆரம்பித்திருக்கிறாள்.